அப்ப யார் மேல பாத்தாங்க?

போன பொங்கலுக்கு முசரவாக்கம் போனபோது அப்பாவுக்கு ஒரு கை கிரீம் வாங்கிப் போனேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தவர், ஓரத்தில் துள்ளிக்கொண்டிருந்த முயலைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இது எதுக்குடா இதுல?"

"முயல் மேல சோதிக்காம செஞ்சதுன்னு அர்த்தம்பா."

"அப்ப யார் மேல பாத்தாங்க?"

பதில் எனக்குத் தெரியும். முயலின் முதுகை மழித்து, பொருளைத் தடவி, சிவப்புக்கும் வீக்கத்துக்கும் மதிப்பெண் போடும் முறையை 1944இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் குழுவினர் வெளியிட்டார்கள். இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனை 2014இல் தடை செய்யப்பட்டது. அப்படிச் சோதித்த பொருட்களின் இறக்குமதிக்கும் அதே ஆண்டில் தடை வந்தது.

"லேப்ல தோல் வளக்கறாங்கப்பா" என்றேன்.

ஆபரேஷனில் மிஞ்சும் தோலின் செல்களைக் காற்றுபட வளர்த்தால், மேல்தோல் போலவே அடுக்கடுக்காக உருவாகும். அதன்மேல் பொருளை 15 முதல் 60 நிமிடம் வைத்துக் கழுவுவார்கள். 42 மணி நேரம் கழித்து எம்.டி.டி. என்னும் மஞ்சள் கரைசலில் வைப்பார்கள். உயிரோடிருக்கும் செல்கள் அந்த மஞ்சளை ஊதாவாக்கும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர். 50 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் எரிச்சலூட்டும் பொருள். ஓ.இ.சி.டி. இதை 2010இல் 439ஆம் வழிகாட்டுதலாக ஏற்றது. நான் ஆபீசில் எழுதும் யூனிட் டெஸ்ட் மாதிரிதான். பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில்.

"அங்கயும் சாயம்தானா!" என்று சிரித்தார்.

அப்பா காஞ்சிபுரத்தில் முப்பது வருடம் சாயப்பட்டறை வேலை பார்த்தவர். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் தண்ணியில் பட்டு நூலின் பசையை எடுக்கணும். பிறகு சூடான சாயத்தொட்டியில் நூலைத் திருப்பித் திருப்பிப் போடணும். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. குழம்புச்சோறு பிசைந்தால் காந்தும். அம்மா பிசைந்து வைப்பாள், அப்பா ஸ்பூனில் சாப்பிடுவார். காலேஜில் ஃபீஸ் கட்ட வந்தபோது நண்பன் அவர் கையைப் பார்த்துக் கேட்டான். "வீட்டுக்கு பெயின்ட் அடிச்சார்" என்றேன். அப்பா காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

வளர்த்த தோல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: ஒரு தடவை பட்டால் எரியுமா? தினமும் எட்டு மணி நேரம், முப்பது வருடம் பட்டால் என்ன ஆகும் என்பதை அந்தச் சோதனை கேட்பதில்லை. 2014 தடையும் அழகுசாதனத்துக்குத்தான், பட்டறைச் சாயத்துக்கு இல்லை. முயல் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முயலுக்காவது பக்கத்தில் ஒருவர் நின்று, அதிகபட்சம் 14 நாள் பார்த்துக் குறிப்பு எழுதினார். அப்பாவின் கைக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. நானும்கூட.

"கையுறை போட்டிருக்கலாமேப்பா?"

"போட்டா நூல் பதம் தெரியாதுடா."

பட்டாணி அளவு கிரீம் எடுத்துத் தேய்த்துக்கொண்டார். வெடிப்புகளில் வெள்ளையாகத் தங்கியது.

"எரியுதா?"

"கொஞ்சம்" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.