தாத்தாவின் மோர் வாளி

எங்களில் சிலருக்கு அப்பா, சிலருக்குத் தாத்தா. அவர் முருகன் திருவடி சேர்ந்து இன்றோடு பதினாறு நாள். வயசு 91.

தோட்டத்தில் பால்மரம் சீவியே ஏழு பிள்ளைகளை ஆளாக்கினார். விடியுமுன் வேலைக்காட்டில் இருப்பார். சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் விளக்கேற்றுவார். தைப்பூசம் வந்தால் பத்துமலை. பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டே 272 படியும் ஏறுவார்.

முட்டி வலி வந்த பிறகு, "நீங்க ஏறுங்க, நான் கீழேயே நிக்கிறேன்" என்று தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற ஆரம்பித்தார். "வயசான காலத்துல வீட்ல இருக்கக் கூடாதாப்பா?" என்று திட்டுவோம். "காவடி எடுக்கிறவங்க தொண்டை காய்ஞ்சு வருவாங்க. ஒரு டம்ளர் மோர் கொடுக்கிறதும் பூசைதான்" என்பார்.

போன தைப்பூசத்துக்கு அவரை வீட்டிலேயே விட்டுட்டுப் போனோம். வெயில், கூட்டம், அவருக்கு ஆகாது என்று நாங்களே முடிவு பண்ணிட்டோம். அவர் ஒன்றும் சொல்லலை.

ராத்திரி திரும்பி வந்தால், வாசலில் ஒரு மேசை, காலி வாளி, கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். பக்கத்தில் வீடு கட்டுற பங்களாதேஷ் தம்பிகளுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். "இன்னிக்கு முருகன் இங்கேயே வந்துட்டான்" என்று சிரித்தார். எங்களுக்குப் பேச்சே வரலை. தப்புதான்ப்பா என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லலை.

வரும் தைப்பூசத்துக்கு எங்கள் பந்தலில் அதே வாளிதான் இருக்கும். அந்தப் பக்கம் வந்தால் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.

வேல் வேல்! ஓம் சாந்தி.