முடிந்துவிட்டது என்று யார் சொல்வது?

“டியா சுடா ஹாபிஸ்லா!”

பாக்சிக் மேசையைத் தட்டிக்கொண்டு இப்படிச் சொன்னதும், அப்பா தம் தே தாரேக் குவளையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘அவன் கதை முடிந்துவிட்டது’ என்பதுதான் அந்த மலாய் வாக்கியத்தின் பொருள். ‘அவன்’ என்று அவர் சொன்னது பூப்பந்து வீரர் டத்தோ லீ சொங் வெய்யை. இடம், புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தாமான் முனையில் இருக்கும் ரொட்டி சானாய் கடை. நாள், 2016 ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவுதான் ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் சீனாவின் சென் லோங்கிடம் 18-21, 18-21 என்று அவர் தோற்றிருந்தார்.

“முப்பத்து மூன்று வயது. இனி கால் ஓடாது,” என்றார் இரும்புக்கடை அங்கிள். அப்பா மட்டும் தனிக்கட்சி. “வெள்ளிக்கிழமை லின் டானை ஜெயிச்சது யாரு? மூனாவது செட்டுல 22-20! கால் ஓடாமலா ஜெயிச்சான்?” என்று மலாயும் தமிழும் கலந்து மல்லுக்கு நின்றார்.

எனக்கு அப்போது வயது பதின்மூன்று. தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் கால் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு ரொட்டி சானாய் சாப்பிடப் போவது என் வழக்கம். அன்று வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். “பாக்சிக் சொல்றது சரிதான்பா. முடிஞ்சிருச்சி,” என்று சொல்லிவிட்டேன். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் சொங் வெய்யைப் பற்றிப் பேசுவது சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி. பிறந்தது பேராக் பாகான் செராயில் என்றாலும் வளர்ந்தது புக்கிட் மெர்தாஜாமில். “நம்ம ஊரு பையன்” என்று அப்பா உரிமையோடு சொல்வார். 2008-இல் பெய்ஜிங்கில் அவர் லின் டானிடம் தோற்றது எனக்கு நினைவில்லை. ஆனால் 2012 நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டம். மே மாதம் தோமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்கால் பிசகி, ஆடுவாரா மாட்டாரா என்று நாடே கவலைப்பட்ட பிறகு இறுதிவரை வந்திருந்தார். முதல் செட்டை வென்று, இரண்டாவதை இழந்து, மூன்றாவதில் 19-21 என்று தோற்றார். எங்கள் வீட்டில் யாரும் தொலைக்காட்சியை அடைக்கவில்லை. அம்மா மட்டும், “பாவம், அந்தப் பிள்ளைய பெத்தவங்க எப்படி இருக்காங்களோ,” என்றார்.

அன்றிலிருந்தே ‘முடிந்துவிட்டது’ என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அவர் என்னவோ முடியாமலே இருந்தார். 2014-இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தை மூன்றாம் முறையாக வென்றார். அதே ஆண்டில் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி எட்டு மாதத் தடை வந்தது. “இதோடு சரி,” என்றது கடை. 2015 மே மாதம் தடை முடிந்து, அதே ஆண்டு உலக வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டம் வரை போனார்.

ரியோவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இது அப்பா கட்சி, மகள் கட்சி என்று ஆகிவிட்டது. நான் பள்ளிச் சொற்போர்க் குழுவில் சேர்ந்திருந்த காலம். எதற்கும் ஆதாரம் கேட்கும் வயது. சிவப்பு அட்டை போட்ட ஒரு குறிப்புப் புத்தகத்தில் அவருடைய தோல்விகளை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். 2017 மார்ச்சில், முப்பத்து நான்கு வயதில், நான்காம் முறையாக அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். அப்பா ஒரு வாரம் சீட்டியடித்துக்கொண்டே திரிந்தார். ஆகஸ்டில் கிளாஸ்கோவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில், முதல் சுற்றிலேயே பிரான்சின் பிரிஸ் லெவெர்டேஸிடம் தோற்றார். அன்று நான் சீட்டியடித்தேன். இப்போது அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

2018 ஜூலை முதல் நாள், புக்கிட் ஜாலிலில் மலேசியப் பொதுப் போட்டியின் இறுதியாட்டம். எதிரே ஜப்பானின் கென்தோ மொமோத்தா. வயது இருபத்து மூன்று. சொங் வெய்க்கு முப்பத்து ஐந்து. 21-17, 23-21. பன்னிரண்டாம் முறையாக அந்தப் பட்டம் அவர் கைக்கு வந்தது. அப்பா நாற்காலியிலிருந்து குதித்ததில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “எழுது! உன் புத்தகத்துல எழுது!” என்றார். எழுதினேன்.

அதுதான் அவர் வென்ற கடைசிப் பட்டம். செப்டம்பரில் அவருக்கு ஆரம்பக்கட்ட மூக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. கடையில் அந்த வாதத்தை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

இனி, நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

அப்பா லோரி ஓட்டுநர். பிறையிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சரக்கு ஏற்றிப் போவார். 2018 டிசம்பர் பள்ளி விடுமுறையில், “வா பாப்பா, ஈப்போ போய்ட்டு வரலாம்,” என்று என்னை உடன் அழைத்துப்போனார். போகும்போது மெனோரா சுரங்கத்துக்குள் ஹாரன் அடித்துச் சிரிப்பூட்டினார். திரும்பும்போது இருட்டிவிட்டது, இலேசான மழை.

“அந்த போர்டுல என்ன போட்டிருக்கு பாப்பா?” என்று கேட்டார்.

“கோல கங்சார்பா.”

சிறிது தூரம் போனதும் மீண்டும் கேட்டார். “சங்காட் ஜெரிங்,” என்றேன். விளையாட்டாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது முறை கேட்டபோது திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கண்களைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். அப்பாவுக்குப் பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் வியாதி. நாற்பதடி லோரி. முன்னால் மோட்டார் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகள்.

வீடு வந்து சேரும்வரை ஒவ்வோர் அறிவிப்புப் பலகையையும் கேட்காமலேயே நான் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நண்பர்களே, அதன்பின் ஆறு மாதம் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உலகப் புகழ் பெற்ற ஓர் ஆட்டக்காரரைப் பார்த்து ‘முடிந்துவிட்டது’ என்று நூறு முறை சொன்ன வாய், பெற்ற தகப்பனிடம் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. வீட்டுக் கடன் இருந்தது. தம்பி ஆரம்பப்பள்ளியில் இருந்தான். எல்லாவற்றையும்விட, அந்த வார்த்தையை அப்பா எப்படிக் கேட்டுக்கொள்வார் என்ற பயம் இருந்தது. லோரி வராத இரவுகளில் தூங்காமல் கிடந்தேன். வாசலில் சத்தம் கேட்ட பிறகுதான் கண் மூடுவேன்.

2019 ஜூன் 13. சொங் வெய் புத்ராஜெயாவில் ஓய்வை அறிவித்தார். இரவுச் செய்தியில் காட்டினார்கள். சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஆடத்தான் அவர் விரும்பினார். கடும் பயிற்சி கூடாது என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு விட்டுக்கொடுத்தார். 349 வாரங்கள் உலகின் முதல்நிலை வீரராக இருந்தவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அப்பாவும் துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா சமையலறையில் இருந்தார்.

“அப்பா, கண்ணுக்கு ஒரு தடவ டாக்டர பார்க்கலாம்பா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “அவனுக்கு டாக்டருங்க சொன்னாங்க. எனக்கு நீ சொல்றியா?” என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாவது நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். விழித்திரையில் இரத்தக் கசிவு. லேசர் சிகிச்சை செய்தார்கள். பார்வை இருந்த அளவில் நின்றது. லோரியை அவரே நிறுத்திக்கொண்டார். கிடங்கில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டதற்கு, இருபத்தாறு ஆண்டுகள் உழைத்த நிறுவனம் கைகுலுக்கி அனுப்பிவைத்தது. எட்டு மாதம் அம்மாவின் தையல் இயந்திரம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இப்போது வேறொரு தொழிற்சாலையில், பெரிய எழுத்துத் திரையில் சரக்குக் கணக்குப் பார்க்கிறார்.

நான் செய்தது சரிதானா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆட்டக்காரரின் கால் ஓடாவிட்டால் ஓர் ஆட்டம் போகும். லோரிக்காரரின் கண் தெரியாவிட்டால் போவது வேறு. ஆகவே சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் கடையில் உட்கார்ந்து நான் சொன்னதும், அன்றிரவு சொன்னதும் ஒரே சொல் அல்ல. கடையில் சொன்னதற்கு நான் எதையும் இழக்கவில்லை. அடுத்த ரொட்டி சானாய்க்குக் கையை நீட்டினேன். அப்பாவிடம் சொன்னதற்கு எங்கள் வீடே விலை கொடுத்தது. அந்த விலையைச் சேர்ந்து கொடுக்கத் தயாராக இல்லாதவர், அதைச் சொல்ல இவ்வளவு அவசரப்படத் தேவையில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அதே கடை, அதே மேசை. இப்போது பேச்சு லீ ஸீ ஜியாவைப் பற்றி. 2021-இல் அகில இங்கிலாந்துப் பட்டம், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம், பிறகு காயத்துக்கு மேல் காயம். “டியா சுடா ஹாபிஸ்!” என்று பாக்சிக் அதே இடத்தில் மேசையைத் தட்டினார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ என்ன சொல்ற பாப்பா?”

“தெரியலப்பா. அடுத்த ஆட்டத்தப் பார்ப்போம்.”

அப்பா சிரித்துக்கொண்டே தம் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.