தோல் வாங்கப் போன கதை

ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் வர முடியலை. தீசிஸ், ஓட்டல்ல பகுதி நேர வேலை, மழை. (கால்வேயில மழையும் ஒரு ஆணிதான்.) இதுக்கு நடுவுல ஒரு காரியம் பண்ணிட்டேன். 320 யூரோ கொடுத்து ஒரு மேளம் வாங்கியிருக்கேன். முறைக்காதீங்க. முழுசா படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

மேளத்தோட பேரு பௌரான். ஐரிஷ்காரங்களோட வாத்தியம். மரத்துல ஒரு வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல். இடது கையை உள்ளே விட்டு தோலின் பின்பக்கத்தை அழுத்தி சுருதியை ஏத்தி இறக்குவாங்க. வலது கையில பேனா பிடிக்கிற மாதிரி ஒரு சின்னக் குச்சி, அதுக்குப் பேரு டிப்பர் (லாரி இல்லைங்க). குச்சியோட ரெண்டு முனையும் அடிக்கும். ஜிக்னா தகிட தகிட, ரீல்னா தகதிமி. அவ்வளவுதான்னு நினைச்சுதான் நானும் இறங்கினேன்.

வந்த புதுசுலயே ஒண்ணு வாங்கியிருந்தேன். டூரிஸ்ட் சாமான் விக்கிற கடை, 45 யூரோ, தோல் மேல பச்சைக் கலர்ல பின்னல் பின்னலா ஒரு படம். அதைத் தூக்கிக்கிட்டு ஒரு பப்ல செஷனுக்குப் போனேன். செஷன்னா மேடையெல்லாம் கிடையாது. ஒரு மூலையில பிடில், புல்லாங்குழல், அக்கார்டியன்னு சுத்தி உக்காந்து வாசிப்பாங்க. அன்னிக்கு நல்ல மழை. அரை மணி நேரத்துல என் மேளம் நமத்துப்போன அப்பளம் ஆயிடுச்சு. அடிச்சா 'தொப்'. பக்கத்துல இருந்த பிடில் தாத்தா குனிஞ்சு ரொம்ப மரியாதையா சொன்னார், "தம்பி, இது சுவத்துல மாட்டுறதுக்கு நல்லா இருக்கும்." பௌரானை வாசிக்க ஏத்த கருவி பேனாக்கத்தின்னு ஒரு பழைய ஜோக் இங்கே உண்டு. அந்த ஜோக் பிறந்த காரணம் அன்னிக்குப் புரிஞ்சுது.

நிற்க. இந்த வாத்தியத்துக்கு இன்னிக்கு இருக்கிற மரியாதை ரொம்பப் பழசு இல்லை. இதே மாதிரி தோல் கட்டின தட்டுல தானியம் புடைச்சிருக்காங்க. டிசம்பர் 26ஆம் தேதி, ரென் குருவி பேரைச் சொல்லி வேஷம் கட்டி வீடு வீடாப் போற கூட்டம் அடிக்கிற சத்தமாத்தான் பல ஊர்ல இதைத் தெரியும். 1960கள்ல ஷான் ஓ ரியாடாங்கிற இசையமைப்பாளர் இதைத் தன் குழுவுல சேர்த்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார். அந்தக் குழுவுல இருந்தவங்க 1962ல ஆரம்பிச்சதுதான் சீஃப்டன்ஸ். அதுக்கப்புறம் இது உலகம் சுத்தின வாத்தியம்.

இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னு சொல்றேன். இதுவரைக்கும் இங்கே எழுதினதில்லை.

எங்க தாத்தா பறை அடிச்சவர். ஊர்ல சாவு விழுந்தா ஆள் வரும், எடுத்துக்கிட்டுக் கிளம்பணும், அவ்வளவுதான். வரமாட்டேன்னு சொல்ற உரிமை கிடையாது. அப்பா படிச்சு, கண்டக்டர் வேலை வாங்கி, ஊரை விட்டு வந்தப்ப போட்ட முதல் சட்டம், வீட்டுக்குள்ள தோல் கருவி வரக்கூடாது. சின்ன வயசுல நான் சோறு வைக்கிற தட்டைத் தட்டினாக்கூட அடி விழும். அப்படிப்பட்ட வீட்டுலேர்ந்து வந்தவன் ஸ்டூடண்ட் விசாவுல உக்காந்துக்கிட்டு மேளத்துக்குக் காசு சேர்த்திருக்கேன்.

சரி, வாங்கின கதை. பிடில் தாத்தாவே ஒரு ஆளைக் கைகாட்டினார். பக்கத்து கிளேர்ல வீட்டுக்குப் பின்னாடி பட்டறை போட்டுச் செய்யிறவர். பஸ் ஏறிப் போனேன். ஆறேழு மேளத்தை எடுத்து முன்னாடி வச்சுட்டு, "நீயே பார்த்து எடு"ன்னு டீ போடப் போயிட்டார்.

முதல்ல தோலை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கணும். ஆட்டோட முதுகுத்தண்டு ஓடின கோடு தெரியும். அதுக்கு ரெண்டு பக்கமும் கனம் ஒரே மாதிரி இருந்தா நல்லது. வெட்டுக்காயம், புள்ளி புள்ளியா மெலிஞ்ச இடம் இருந்தா வேண்டாம். படம் வரைஞ்ச தோலே வேண்டாம், பெயிண்ட் காய்ஞ்சு தோலை விறைப்பாக்கிடும். அடுத்தது, மேஜை மேல கவுத்து வைக்கணும். ஆடினா சட்டம் கோணல். பழைய பாணி மேளம் 18 அங்குலம் அகலம், உள்ளே குறுக்குக் கட்டை, தோலை ஆணி அடிச்சே நிறுத்தியிருப்பாங்க. இப்ப நிறைய பேர் வாசிக்கிறது 14லேர்ந்து 16 அங்குலம், ஆழம் ஜாஸ்தி, கை தாராளமா நகர உள்ளே கட்டையே இல்லாம. முக்கியமா உள்பக்கம் திருகு இருக்கணும். மழை பெய்தா முறுக்கலாம், ஹீட்டர் போட்டா தளர்த்தலாம். திருகு இல்லாத மேளம் ஈரத்துல தொங்கிடும். ஹீட்டர் பக்கத்துல முறுக்கின படியே விட்டா தோல் கிழிஞ்சாலும் கிழியும்.

கடைசியா காது. குச்சி வேண்டாம், விரலால நடுவுல ஒரு தட்டு. 'டொய்ங்'னு இழுத்துக்கிட்டே போனா வேண்டாம். ஓரத்தைச் சுத்தி கறுப்பு டேப் ஒட்டியிருந்தா ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க. அந்த இழுவையை அடக்கத்தான் அது. 'தும்'முனு ஆழமா வந்து நின்னுடணும். இந்த இடத்துல எனக்கு ஆச்சரியம். ஆறுல ரெண்டை ஒரே தட்டுல ஒதுக்கிட்டேன். யாரும் சொல்லித் தரலை. டீயோட வந்த மனுஷர், "முன்னாடி வாசிச்சிருக்கியா?"ன்னார். இல்லைன்னேன். "வீட்டுல?" ஒரு செகண்ட் யோசிச்சு, "தாத்தா"ன்னேன். வெளி ஆள் ஒருத்தர்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டிட்டு இன்னொரு மேளத்தை உள்ளேர்ந்து எடுத்துட்டு வந்தார். அதைத்தான் வாங்கினேன். 15 அங்குலம், கறுப்புத் தோல், எட்டு திருகு. ஓட்டல்ல அஞ்சு மாசம் பாத்திரம் கழுவி ஒதுக்கின காசு.

ரெண்டு வாரம் அப்பாகிட்ட சொல்லலை. போன ஞாயிறு வீடியோ கால்ல பேசிக்கிட்டிருக்கப்ப, பின்னாடி கட்டில் மேல கிடந்ததை அவரே பார்த்துட்டார்.

"அது என்னய்யா?"

"இங்கத்து மேளம்ப்பா."

பேச்சு இல்லை. நெட் போயிடுச்சோன்னு பார்த்தேன், போகலை. அம்மா பக்கத்துலேர்ந்து ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாங்க.

"தோல் என்ன தோலு?"

"ஆடுப்பா."

"எங்க தட்டு."

தட்டினேன்.

"ஓரத்துல தட்டு."

தட்டினேன். கண்ணை மூடியிருந்தார்.

"அங்க வெயிலே இருக்காதே, எதுல காய்ச்சுவ? வைக்கோலு கிடைக்குமா?"

திருகு இருக்குப்பான்னு சொல்லி, கேமராவைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் மழை விட்டுச்சான்னு கேட்டார். விடலைன்னேன்.