வீடு திரும்பும் பிள்ளைகள்



ஆண்டவருடைய பெயரை மனிதர் எத்தனையோ கொடுமைகளுக்குத் திரையாக்கியிருக்கின்றனர். ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டின் வடபகுதியில் 1987ஆம் ஆண்டளவில் ஜோசப் கோனி என்பவன் திரட்டிய கலகக் கூட்டம், 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' என்றே தன்னை அழைத்துக்கொண்டது. மக்கள் மனமுவந்து சேராதபோது அது பிள்ளைகளைக் கவர்ந்து சென்று படை பெருக்கிற்று. இவ்வாறு கடத்தப்பட்ட சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 25,000 பேர் என ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் மதிப்பிட்டது.

1996 அக்டோபர் 10ஆம் நாள் விடியுமுன், அபோக்கே என்னுமிடத்தில் கொம்போனி சபைக் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி விடுதிக்குள் அக்கூட்டம் புகுந்து, 139 மாணவியரை இழுத்துச் சென்றது. அருட்சகோதரி ராக்கேலே ஃபஸேரா ஓர் ஆசிரியரைத் துணைக்கொண்டு காட்டு வழியே பின்தொடர்ந்து சென்று, மன்றாடி 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரைத் தலைவன் தரமறுத்தான்.

பிடிபட்ட பிள்ளைகளை ஆயுதத்தால் மட்டும் அவர்கள் கட்டிவைக்கவில்லை. தப்பியோட முயன்ற தோழனை மற்றப் பிள்ளைகளைக் கொண்டே அடித்துக் கொல்லச் செய்தனர். சிலரை உற்றார் மீதே கைவைக்க வைத்தனர். இனி ஊர் நம்மை ஏற்காது என்ற அச்சம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டால், விலங்கில்லாமலே பிள்ளை ஓடாமல் நிற்கும் என்பது அவர்களுடைய கணக்கு.

இச்செய்தியை மறைக்கல்வி வகுப்பில் கூறியபோது ஒரு சிறுவன், "சாமி, துப்பாக்கியைக் காட்டிச் செய்யச் சொன்னா அது பாவமா?" என்று கேட்டான். சாவான பாவத்திற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டுமென்று குருமடத்தில் பயின்றதை அவனுக்கு எடுத்துரைத்தேன். செயல் கொடியதுதான், ஆனால் அறிவு முதிராத வயதில், உயிரச்சத்தில், சம்மதம் எங்கே? வகுப்பு அமைதியாயிற்று. எனினும் என் மனம் அமைதியுறவில்லை. பள்ளிக்குச் செல்லும் வழியில் சிறுவனாய்க் கடத்தப்பட்ட டொமினிக் ஒங்வென் அப்படையிலேயே வளர்ந்து தளபதியானான். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021இல் அவனைக் குற்றவாளியெனத் தீர்த்து 25 ஆண்டுச் சிறை விதித்தது. கடத்தப்பட்ட அவனது இளமையை எண்ணியே நீதிபதிகள் ஆயுள் தண்டனையைத் தவிர்த்தனர். அந்தப் பிள்ளை எந்த நாளில் குற்றவாளியானான் என்று யாரால் வரையறுக்க இயலும்?

நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம், வீட்டு வாசலைத் திறப்பது அதன் வேலையன்று. அங்குள்ள அச்சோலி மக்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. நெடுநாள் பிரிந்திருந்து திரும்புபவர், வாசலில் வைத்த பச்சை முட்டையை மிதித்து உடைத்த பின்னரே வீட்டுக்குள் நுழைவார். காட்டிலிருந்து மீண்ட பிள்ளைகள் பலரும் இவ்வாறே வரவேற்கப்பட்டனர். 'நீ எங்களவன்' என்று ஊரார் முன்னிலையில் கூறப்படும் சாட்சி அது.

அபோக்கேயில் மகளை இழந்த தாய் ஒருவர் ஆஞ்சலினா அத்தியாம், தொழிலால் செவிலி. பிள்ளைகளின் விடுதலைக்காகப் பெற்றோரைத் திரட்டிக் குரல்கொடுத்தார். அக்குரலை நிறுத்தினால் அவருடைய மகளை மட்டும் விடுவதாகக் கலகக்காரர் பேரம் பேசினர். எல்லாப் பிள்ளைகளையும் விடுங்கள் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். மகளைச் சிறைவைத்திருந்தவனின் தாயைத் தேடிச் சென்று, மன்னித்தேன் என்றும் கூறினார். 2004இல் அம்மகள் காட்டில் பெற்ற குழந்தைகளோடு திரும்பினாள். பாட்டி அக்குழந்தைகளையும் தம் குடும்பமாக ஏற்றார்.

பெற்றோரே, இன்றும் பல நாடுகளில் பிள்ளைகள் ஆயுதம் சுமக்கின்றனர். இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை அவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். அவர்கள் விடுதலை பெறவேண்டுமென்று மட்டுமன்று, திரும்பும் நாளில் அவர்களைக் கண்டு அஞ்சாத வீடுகள் வேண்டுமென்றும் மன்றாடுங்கள்.