தறிக்கு இரண்டு பேர்

நெசவு ஒரு தியானம் என்று எங்கள் ஊருக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். மனநல விழிப்புணர்வு முகாம் என்று பந்தல் போட்டிருந்தார்கள். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று செய்து காட்டினார். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 என்று சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார். எண்ணைக் குறை சொல்ல மாட்டேன், இலவசம், தமிழிலேயே பேசலாம். தியானம் என்ற பேச்சுதான் எனக்கு ஒட்டவில்லை. முந்தானையை உடலோடு இணைக்கப் பிட்னி போட்ட இடத்தில் இழை அறுந்து, எந்த இழை என்று தெரியாமல் அரை நாள் குனிந்து தேடியவன் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான்.

தறிக்காரன் மனசைத் தீர்மானிப்பவை இரண்டு: எதிரில் உட்கார்ந்திருப்பது யார், வாங்கிய முன்பணம் எவ்வளவு. தூக்கம் வராத நெசவாளி எவனையும் கேட்டுப் பாருங்கள், இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பான்.

எனக்குக் கோர்வை சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. கோர்வைச் சேலைக்கு நாடா மூன்று. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒரு கரையை நெய்பவரே பார்த்துக்கொள்வார், மற்றதற்கு ஆள் வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். மிதி மாறுகிற நேரத்துக்குள் எதிராள் நாடாவை வாங்கியிருக்க வேண்டும். சொல்லிச் செய்யவைக்க நேரமில்லை. ஒருவர் இறுக்கினால் கரை சுருங்கும், ஒருவர் தளர்த்தினால் கண் விடும். மிதிக்கிறவரின் உடல் அசைவதிலிருந்தே அடுத்து என்ன வரும் என்று தெரிய வேண்டும். எனக்கு அது பிடிபடப் பல மாதம் ஆயிற்று. "என் காலைப் பார்க்காதே, என் தோளைப் பார்" என்பார் பெரியப்பா. தோளில் என்ன இருக்கிறது என்று அன்று விளங்கவில்லை. கோபம், பசி, கடன்காரன் வந்துபோன கலக்கம் எல்லாம் முதலில் தோளில்தான் ஏறும் என்று பின்னால் தெரிந்தது.

முடிந்த சேலையை வெளிச்சத்தில் பிடித்து, கோர்வை ஓடும் வழியில் விரலை ஓட்டி, "இந்த இடத்தில் வீட்டில் சண்டை" என்று சொல்லிவிடுவார். தப்பியதில்லை. சண்டை போட்டுவிட்டு இரண்டு பேர் ஒரே தறியில் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்வார். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரன் பெருமையடிக்கிறானே, அந்தக் கோர்வை இப்படி வந்ததுதான்.

அந்த எதிராள் அன்று பெரும்பாலும் பிள்ளைகள். நானும் அப்படி உட்கார்ந்தவன். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளை, கடன் தீரும்வரை அடுத்தவர் தறியில். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பிறகும், 2003இல், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருந்தது. அறிக்கையில் எழுத வேண்டியதில்லை, எங்களுக்கே தெரியும். சரிகை விலை ஏறினால் வியாபாரி முதலாளியைக் கடிவார், முதலாளி தறிக்காரனைக் கடிவார், தறிக்காரன் கை கோர்வைப் பிள்ளையின் முதுகில் இறங்கும். ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும், குருவோடு முரண்பட்டதும் எங்கள் ஊரான இந்தத் திருப்புட்குழியில் என்பார்கள். நான் என் குருவோடு முரண்பட்டது இந்த ஒன்றில்தான். தோளைப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு எதிரில் இருந்த பிள்ளையின் தோள் நடுங்கியது தெரியாமலா இருந்தது? தெரிந்தது. அவர் தலைக்கு மேலும் ஒரு கடன் நோட்டு இருந்தது.

தெருப் பாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடிவதற்கு முன், நெடுக்கு இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டுவோம். ஒரு வீட்டு ஆள் போதாது. இன்று என் பாவுக்கு நீ, நாளை உன் பாவுக்கு நான். கூலி கிடையாது. யார் வரவில்லை என்று பாவின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை எல்லோருக்கும் தெரிந்துவிடும். வராதவன் வீட்டுக் கதவை யாராவது ஒருவர் தட்டுவார். குடிக்க ஆரம்பித்தவன், பேச்சை நிறுத்திக்கொண்டவன், பிள்ளை இறந்த வீடு எல்லாம் தெருவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. வம்பும் அதே வழியாகத்தான் வந்தது, அதை மறுக்கவில்லை. இப்போது பாவு மெஷினில் ஓடிச் சுருட்டி வந்து இறங்குகிறது. தெருவில் சிமென்ட், வண்டி. ஒருவன் எட்டு நாள் தறியில் ஏறாவிட்டால் முதலில் தெரிவது கணக்கு வைத்திருப்பவருக்கு.

கூட்டுறவுச் சங்கம் வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். 1982இல் இவோன் ஆர்ட்டர்பர்ன் என்ற ஆய்வாளர் காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நெசவில் ஒருவரையொருவர் சார்ந்திருப்பதைத்தான் தலைப்பாக வைத்தார். முதலாளியிடம் தனியாளாகக் கைகட்டி நின்றவன் பொதுக்குழுவில் எழுந்து கத்தலாம் என்று ஆனதே, அதைவிடப் பெரிய மருந்தை நான் பார்க்கவில்லை. தீபாவளி போனசும் சேமிப்புப் பணமும் அப்புறம். ஆனால் கூட்டுறவுக்குள்ளும் தராசு போகவில்லை. பட்டை எடை போட்டுக் கொடுத்து, சேலையை எடை போட்டு வாங்குவார்கள். 'காஞ்சிவரம்' படத்தில் நெசவாளி இழை திருடுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் கண் கலங்கினார்கள். தினமும் சந்தேகத்தோடு எடை போடப்படுகிறவன் தராசைக் கண்டாலே எப்படிச் சுருங்கிப்போகிறான் என்பதை எந்த முகாமும் கேட்டதில்லை.

பிள்ளைகள் தறிக்கு வராதது நல்லது, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. வந்திருக்கிற சில இளைஞர்களின் வேலைதான் பொறுக்கவில்லை. கோர்வையே வேண்டாம் என்று ஒற்றை நாடாவில் கரை முதல் கரைவரை ஓட்டிவிட்டு, கோர்வை மாதிரியே இருக்கிறது என்கிறார்கள். விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்று கடையில் தொங்குகிறது. மற்றவர்கள் ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிறார்கள். ஷிப்ட் முடித்து வந்து போனைப் பார்த்துக்கொண்டு தூங்குகிறார்கள். அங்கேயும் அவர்கள் தோளை யார் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பெருமாள் உறவில்லாத ஜடாயு என்ற பறவைக்கு மகனாக நின்று ஈமக்கடன் செய்தவர். ஜடாயு தீர்த்தம் இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், ஒரே தறியில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம். பிள்ளைகள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தது பெண்கள். 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல், அவர்களில் பெண்கள் 70 சதவீதத்துக்கு மேல். எங்கள் வீட்டுத் தறியில் என் கல்யாணத்துக்குப் பிறகு கோர்வை வாங்கியது என் மனைவிதான். சமையலை முடித்து வந்து உட்கார்ந்து, என் தோளைப் பார்த்துப் பார்த்து நாடா வாங்கியவள். அவளுக்குத் தூக்கம் போய் வருஷக்கணக்காகிறது. முகாமில் அவள் பேசவில்லை, வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்: "ஏங்க, அவரு உங்களைத்தானே நெசவாளின்னாரு. நான் யாருன்னு கேக்கவே இல்லியே."

கூலிச் சீட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. சேமிப்பு, காப்பீடு எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்தே வருகின்றன. இரண்டாவது பெயருக்கும் இடம் விட்டு, கூலியை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள் என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுந்து கேட்டு வருகிறேன். அச்சடித்து வந்த படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்கிறார்கள்.