மஞ்சள் நோட்டீஸா, மச்சானா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவருக்கு வேலை போய் ஏழு மாதம். கூட்டுறவு வங்கிக் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்ந்து ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டது. "பேசாம மஞ்சள் நோட்டீஸ் குடுத்துடுங்க" என்று டீக்கடையில் ஆளாளுக்கு யோசனை.

ஊர் வழக்கில் அது மஞ்சள் நோட்டீஸ். வக்கீல் பாஷையில் ஐ.பி., அதாவது திவால் மனு. சென்னைக்கு வெளியே தனிநபர்களுக்கு இன்னமும் 1920-ம் வருடச் சட்டம்தான். கடன் இருந்து, அடைக்க வழியில்லாவிட்டால் மனு போடலாம். கோர்ட் திவால் என அறிவித்தால், சொத்தெல்லாம் கோர்ட் பொறுப்புக்குப் போய்விடும். பி.எஃப். கணக்கில் இருப்பதைத் தொட முடியாது. இவரிடம் இருப்பதோ ஒரு பழைய பைக். போனால் போகட்டும் என்றுதான் நினைத்தார்.

மனைவிதான் கேட்டார். "ஏனுங்க, எங்கண்ணன் போட்ட ஜாமீன் கையெழுத்து என்னாகும்?"

வக்கீல் மழுப்பவில்லை. கோர்ட் விடுவிப்பது மனு போட்டவரை மட்டும்தான். ஜாமீன்தாரரை வங்கி விடாது. மச்சான் அரசு பஸ் கண்டக்டர். வழக்கு போட்டு ஜெயித்தால் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம்.

மறுநாள் வங்கிக்குப் போய், தவணையைக் குறைத்து வருடத்தை நீட்டித் தரும்படி எழுதிக்கொடுத்தார். பதில் வரவில்லை. டைப் அடித்த மனு கையெழுத்தில்லாமல் பீரோவில் கிடக்கிறது. மச்சானுக்கு எதுவும் தெரியாது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வருவதாக போன் செய்திருக்கிறார்.