பூக்கொத்தி எங்கேயும் போகவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். சாயா குடித்துக்கொண்டே பொறுமையாக வாசியுங்கள்.

போன வருடம் ஆவணி மாதம் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். நம் வட்டக்கோட்டைப் பக்கம் பூக்கொத்திக் குருவி அற்றுப்போய்விட்டது, இரண்டு வருடமாக என் நோட்டில் அது ஏறவே இல்லை என்று எழுதியிருந்தேன். உங்களில் பலர் அதைப் பகிர்ந்தீர்கள். சிலர் செல்போன் கோபுரத்தைத் திட்டினீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து திட்டினேன்.

அந்தப் பதிவு தப்பு மக்களே. பூக்கொத்தி எங்கேயும் போகவில்லை. போனது என் காது.

1982 முதல் 2018 வரை உங்கள் நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்தவன் நான். இன்று என் நோட்டில் நானே சுழிக்க வேண்டிய நிலை. தப்பைப் பலர் பார்க்கச் சொல்லியாயிற்று. திருத்தத்தையும் பலர் பார்க்கத்தான் சொல்ல வேண்டும்.

பழைய மாணவர்களுக்கு என் பறவை நோட்டு தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் அதைத் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பில் பறவைகள் பாடம் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "சார், நம்ம குளத்துல நிக்கது கொக்கா நாரையா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "உட்காருடே" என்று அதட்டிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு தேரூர் குளத்துக்குப் போனேன். கரையில் நின்று பார்த்ததை எல்லாம் எழுதினேன். அது நத்தைகுத்தி நாரை என்று கண்டுபிடித்துச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை 41 நோட்டு.

நோட்டில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. தேதி, நேரம், இடம், பறவையின் பெயர். கண்ணால் பார்த்ததற்கு 'பா', காதால் கேட்டதற்கு 'கே'. அவ்வளவுதான். தினமும் விடியற்காலையில் வீட்டைச் சுற்றியும் கோட்டைக் கரையிலும் அரை மணி நேரம். வாரத்துக்கு ஒரு நாள் தேரூர் அல்லது சுசீந்திரம் குளம். எப்போதாவது மணக்குடிக் காயல்.

ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டவர்கள் எல்லாரும், "இனி நல்லா ரெஸ்ட் எடுங்க சார்" என்றார்கள். நம் ஊர்க் கோட்டையை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். பேர் வட்டக்கோட்டை, உருவம் செவ்வகம். மார்த்தாண்டவர்மா காலத்தில் டிலன்னாய் கருங்கல்லால் கட்டி எழுப்பியது. வடிவியல் பாடத்துக்கு உங்களை அங்கே கூட்டிப்போய், "வட்டம் எங்கே இருக்கு காட்டுங்கடே" என்று கேட்பேனே, நினைவிருக்கிறதா? ஓய்வு என்பதும் அப்படித்தான், பேரில் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். காலையில் பறவை, மாலையில் கோட்டைச் சுவர் மேல் நடை, தோட்டத்தில் நாலு மூடு மட்டி வாழை. ஏழு வருடம் குறை இல்லாமல்தான் போயிற்று.

போன மார்கழியில் தேரூரிலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். நீலச்சிறகி வாத்துகள் வந்து இறங்கியிருந்த சந்தோஷம். பின்னால் ஒரு பையன் பைக்கில் வந்திருக்கிறான். நான் சட்டென்று வலது பக்கம் திரும்ப, அவன் பதறி ஒடிக்க, நான் ஓடையில் விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. விழுந்த கிடையிலேயே அந்தப் பையனைத் திட்டினேன். "ஹார்ன் அடிக்கத் தெரியாதா?" என்றேன். "மூணு தடவை அடிச்சேன் சார்" என்றான். பொய் சொல்கிறான் என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். ஆனாலும் அவன்தான் ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

சென்னையிலிருந்து மூத்தவன் ஓடி வந்தான். "போதும்ப்பா. சைக்கிளும் வேண்டாம், குளமும் வேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் எங்க கூட வந்திருங்க" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அகால வேளையில் ஊரிலிருந்து போன் வந்தால் பிள்ளைகளுக்கு நெஞ்சு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு நானும் இப்படிக் கட்டளை போட்டவன்தான். அவர் 70 வயதில் தென்னையில் ஏறப் போனபோது கயிற்றை எடுத்து ஒளித்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. மரத்தில் ஏறவிடாமல் தடுத்தது சரிதான். அந்த வேலைக்குப் பதில் வேறு எதையாவது அவர் கையில் கொடுக்காமல் விட்டதுதான் என் பிழை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

மே மாத லீவுக்குப் பேத்தி வந்தாள். ஒன்பது வயது. ஒரு நாள் காலையில் நானும் அவளும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்து மாமரத்தில் புல்லுருவி படர்ந்திருக்கிறது. அவள் மேலே பார்த்து, "பாட்டா, அந்தக் குருவி ஏன் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கு?" என்றாள்.

"எந்தக் குருவி மக்களே?"

"அதோ, இவ்வளவு நேரமா கத்துதே!"

எனக்கு ஒரு சத்தமும் இல்லை. பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். புல்லுருவிக் கொத்தில், கட்டை விரல் அளவுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு குருவி தத்திக்கொண்டிருந்தது. பூக்கொத்தி. நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. வாய் திறப்பதும் மூடுவதும் தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்த மாதிரி.

அன்று இரவு நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். 2019 முதல் ஒவ்வொரு வருடமும் எந்தெந்தப் பறவைக்கு எத்தனை 'கே' என்று எண்ணினேன். முதலில் குறைந்தது பூக்கொத்தி. அடுத்து தேன்சிட்டு. அதற்கடுத்து மீன்கொத்தியின் கீச்சுக் குரல். செம்போத்தும் மயிலும் புறாவும் காகமும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. கீச்சுக்குரல் பறவைகள் வரிசையாக மறைய, கட்டைக்குரல் பறவைகள் அப்படியே இருக்கின்றன. தேன்சிட்டுக்கு 'பா' குறையவே இல்லை, 'கே' மட்டும்தான் குறைந்திருக்கிறது. பூக்கொத்தியை நான் எப்போதுமே சத்தத்தை வைத்துத்தான் தேடிப் பிடிப்பேன். சத்தம் போனதும் அதன் 'பா'வும் சேர்ந்து போய்விட்டது. இவ்வளவும் என் கையெழுத்தில்தான் இருந்தது. ஊரில் குருவி குறைகிறது என்று வாசித்தேனே ஒழிய, என் காது குறைகிறது என்று வாசிக்கத் தெரியவில்லை.

நாகர்கோவிலில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதனை செய்து ஒரு வரைபடம் கொடுத்தார். இடப்பக்கம் கோடு சமமாகப் போய், வலப்பக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. "வயசு அறுபத்தஞ்சு தாண்டியாச்சில்லா சார், மேல் ஸ்தாயிச் சத்தந்தான் முதல்ல போகும்" என்றார். உள்காதில் உள்ள நுண்ணிய மயிர் அணுக்கள்தான் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. அவற்றில் உயர்ந்த சுருதியை வாங்குபவை முதலில் பழுதாகின்றன. பழுதானவை திரும்ப முளைப்பதில்லை. மெல்ல மெல்ல நடப்பதால் உடையவருக்குத் தெரிவதில்லை, சுற்றி இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "ரெண்டு வருசமா சொல்லுகேன், டிவி சத்தம் தெருவுக்கே கேக்குன்னு. நான் சொன்னா கேக்கவா செய்தீங்க?" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

மறுநாளே அந்த பைக்காரப் பையன் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா பதறிப்போய்ச் சாயாவும் மட்டிப்பழமும் தந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அடுத்த ஒரு மாதம் நான் நோட்டைத் திறக்கவில்லை. தப்பான நோட்டை எழுதி என்ன பயன்? சென்னைக்கே போய்விடலாம் என்று மகனிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

என்னைத் திருப்பி இழுத்தது தேரூர்தான். பேத்தி குளத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். ஆட்டோவில் போனோம். வழியில், இது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவருடைய குழந்தைப் பாட்டுகளை ஒன்றாம் வகுப்பில் எத்தனை வருடம் பாட வைத்திருப்பேன்! 1876இல் பிறந்த அவரும் பள்ளி வாத்தியார்தான். 1931இல் ஓய்வு பெற்றுப் புத்தேரியில் தங்கினார். பேத்திக்குச் சொல்லும்போதுதான் கணக்கு எனக்கே உறைத்தது. 'மலரும் மாலையும்' வந்தது 1938இல். 'ஆசிய ஜோதி' 1941இல். உமர் கய்யாம் பாடல்கள் 1945இல். கவிமணி என்ற பட்டமே 1940இல் கிடைத்தது. நமக்குத் தெரிந்த கவிமணியில் பெரும்பகுதி, ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். ஆனால் 55 வயதில் புதிதாகத் தொடங்கியவர் அல்ல. வேலையில் இருந்த காலம் முழுக்க எழுதிக்கொண்டும் கல்வெட்டு வாசித்துக்கொண்டும் இருந்தவர். கைவிடாததால் கை கொடுத்தது.

பறவைக்காரர்களுக்கு சலீம் அலி இருக்கிறார். நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த 1933இலேயே அந்தச் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்தவர். இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றி ரிப்ளேயோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டின் முதல் தொகுதி 1968இல் வந்தபோது அவருக்கு 72 வயது. தன் வரலாற்றை வெளியிட்டபோது 90ஐ நெருங்கிவிட்டார். நான் எந்த மூலைக்கு?

குளக்கரையில் பேத்தி சத்தம் கேட்டு விரல் நீட்டினாள். நான் பைனாகுலரில் பார்த்துப் பெயர் சொன்னேன். அவளுக்குக் காது இருக்கிறது, பெயர் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், காது இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுப் பறவைக்காரன். அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, 'கே'வுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குறி போட்டேன். 'பே.கே.' பேத்தி கேட்டது.

மகனோடு உட்கார்ந்து ஒரு உடன்படிக்கை போட்டாயிற்று. பெரிய ரோட்டில் சைக்கிள் கிடையாது, அது அவன் ஜெயித்தது. குளத்துக்கு வாரம் ஒரு முறை போவேன், ஆனால் தனியாக அல்ல, அது இரண்டு பேருக்கும் பொது. வீட்டை விட்டு வர மாட்டேன், அது நான் ஜெயித்தது. காதுக்குக் கருவி வாங்கிவிட்டேன். அதில் எல்லாச் சத்தமும் கொஞ்சம் தகரச் சத்தமாகத்தான் கேட்கிறது. பழக நாள் ஆகும் என்கிறார்கள். பூக்கொத்தி இன்னும் கேட்கவில்லை. தேன்சிட்டு கேட்கிறது. பேத்தி ஊருக்குப் போன பிறகு தெருப் பிள்ளைகள் நாலு பேர் ஞாயிறு காலையில் என்னோடு வருகிறார்கள். காது அவர்களுடையது, நோட்டு என்னுடையது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 65 தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், விழாமல் இருக்க நிலைதடுமாறாப் பயிற்சியும் வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கோட்டைச் சுவர் மேல் நடந்தால் இரண்டும் முடிந்துவிடும், கடல் காற்று இலவசம். கண்ணைச் சோதிக்கிற மாதிரி காதையும் சோதியுங்கள். காது கேட்காதவன் மெல்ல மெல்லப் பேச்சை விடுவான், பிறகு ஆளையே விடுவான்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அப்பா அம்மாவிடம் "வேண்டாம்" என்று ஒன்றைப் பிடுங்கும்போது, அதே மூச்சில் "இதைச் செய்யுங்க" என்று வேறு ஒன்றைக் கையில் கொடுங்கள். என் அப்பாவுக்கு நான் செய்யத் தவறியதை என் மகன் எனக்குச் செய்தான்.

பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் கீழே இந்தப் பதிவை ஒட்டியிருக்கிறேன். தப்பையும் திருத்தத்தையும் சேர்த்து வைப்பதுதான் வாத்தியார் முறை.

தையில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு வரும். கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று எண்ணினாலே போதும். ஊருக்கு வருகிறவர்கள் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கோட்டை வாசலுக்கு வாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எனக்கு நல்ல காதுகள் தேவைப்படுகின்றன.

அப்புறம், 1984இல் கொக்கா நாரையா என்று கேட்ட அந்தப் பையன் இதை வாசித்தால் ஒரு போன் போடு மக்களே. உன்னை அதட்டியதற்கும் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. கொஞ்சம் சத்தமாகப் பேசு.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்
வட்டக்கோட்டை